கடை விலாசம்

குக்கர் எனக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே பதுளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குக் காரணம் அப்புத்தளை ரயில் நிலையத்தில் வாங்கிய பருப்பு வடை. வண்டி நிற்கிறதே, சூடாக நாலு வடை வாங்கிவிட்டு ஏறலாம் என்று இறங்கினேன். அப்புத்தளையில் பனிமூட்டம் பிளாட்பாரத்தில் சுகமாக உலாவிக்கொண்டிருந்தது. மிளகாய் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள் என்று வடைக்காரரிடம் சொல்லித் திரும்பினால், ரயிலின் கடைசிப் பெட்டி பனிக்குள் கரைந்துகொண்டிருந்தது. கைப்பை தோளில் இருந்தது. துணிப்பையும் ஐந்து லிட்டர் குக்கரும் இருக்கையில் ஜம்மென்று உட்கார்ந்து போய்விட்டன.

நான் துறையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறவள். கொழும்பில் வரலாற்று ஆசிரியர்களுக்கான மூன்று நாள் கூட்டத்துக்கு வந்திருந்தேன். உலக வரலாற்றில் ஆட்சியும் உழவும் வணிகமும் சமூகங்களை எப்படி உருவாக்கின என்று பதினைந்து நிமிடம் பேச வேண்டும். நைல் நதியில் தொடங்கி, நீராவிக் கப்பலைத் தொட்டு, பதினான்கு நிமிடத்தில் உலகத்தையே முடித்துவிட்டேன். மிச்ச ஒரு நிமிடத்தில் கைதட்டினார்கள்.

குக்கர் என்னுடையது அல்ல. என்னோடு வேலை பார்க்கும் சகுந்தலாவின் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தமிழ்நாட்டுக்கு வந்தது. அவளுடைய சித்தப்பா மகள் லெச்சுமி இன்றைக்கும் நமுனுகுல மலைப்பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். "அங்கதானே போற, இதைக் குடுத்துட்டு வந்துடு" என்று சகுந்தலா குக்கரைக் கொடுத்தபோது, வரைபடத்தில் கொழும்புக்கும் நமுனுகுலவுக்கும் இரண்டு விரற்கடைதான் இருந்தது. அந்த இரண்டு விரற்கடைக்குள் எத்தனை கொண்டையூசி வளைவு இருக்கிறது என்று வரைபடத்தில் போடுவதில்லை.

பதுளைக்குப் பஸ் பிடித்தேன். பஸ்ஸில் பாட்டு அலறியது. டிரைவர் ஒவ்வொரு வளைவையும் தன் சொந்தப் பகையாளியைப் போல நடத்தினார். எதிர் இருக்கையில் இரண்டு சிங்களப் பெண்கள் என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். பக்கத்தில் இருந்தவர், பண்டாரவளையில் கடை வைத்திருப்பவராம், கேட்காமலே மொழிபெயர்த்தார்.

"இந்த அம்மா ஏன் இப்படி முகத்தை வச்சிருக்கான்னு அவ கேக்குறா."

"குக்கர் போயிருச்சுன்னு சொல்லுங்க."

சொன்னார். ஒருத்தி பதில் சொன்னாள், மற்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "புருஷன் ரயில்ல போயிருந்தாக்கூட இந்த அம்மா இப்படி இருக்க மாட்டாங்கன்னு சொல்றா" என்றார் அவர். மறுக்க முடியவில்லை.

பதுளை ஸ்டேஷனில் குக்கரைப் பற்றி நான் வாயெடுக்கும் முன்பே அங்கிருந்த ஊழியர் சிரித்தார். "இந்தியா டீச்சரா? உங்க சாமான் ஜவுளிக்கடை முதலாளிகிட்ட இருக்கு. உங்க பெட்டியிலதான் வந்தாராம்." குக்கரின் கைப்பிடியில் சகுந்தலா ஒரு சீட்டுக் கட்டியிருந்தாள். லெச்சுமியின் பெயர், தோட்டத்தின் பெயர், நமுனுகுல என்ற மூன்றே வார்த்தை. அதைப் படித்துவிட்டுத்தான் எடுத்துப் போயிருக்கிறார். அன்று கடை அடைத்துவிட்டதால் ஒரு லாட்ஜில் தங்கி, மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் போனேன்.

ஹனிபா நானா என்று ஊரே அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் அந்த முதலாளிக்கு அறுபது வயது இருக்கும். சேலைக்கட்டுகளுக்கு நடுவே, சிம்மாசனத்தில் வைத்தது போல எங்கள் குக்கர், பக்கத்தில் என் துணிப்பை.

"அந்தத் தோட்டத்துப் பேரைப் பார்த்த உடனே தெரிஞ்சிச்சு, நம்ம ஆளுகட சாமான்னு" என்றார்.

"உங்களுக்கு அந்தத் தோட்டத்தில் சொந்தமா?"

"சொந்தம் இல்ல டீச்சர். அவங்கட விலாசம் நான்தான்."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். உள்ளே பிஸ்கட் இல்லை. கடிதங்கள். பரீட்சை முடிவு, வங்கிக் கடிதம், வெளிநாட்டுத் தபால். எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் பெயர், கீழே இவருடைய கடை, கீழே பதுளை.

விஷயம் இதுதான். தோட்டத்தில் இருப்பவர்கள் லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். லயத்துக்குத் தெரு இல்லை, வீட்டுக்கு எண் இல்லை. தோட்டத்தின் பெயரை எழுதிப் போட்டால் கடிதம் தோட்ட ஆபீஸுக்குப் போகும். அங்கே அது எத்தனை நாள் தூங்கும், யார் கைக்குப் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் விண்ணப்பம் போடுகிற பிள்ளைகள் எல்லாம் டவுனில் தெரிந்த கடை ஒன்றை விலாசமாகக் கொடுத்துவிடுகிறார்கள். கடிதம் வந்தால் கடைக்காரர் போன் செய்வார், அல்லது அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. எழுத்து என்பதே எவன் எத்தனை மூட்டை தானியம் தர வேண்டும் என்று குறித்துக்கொள்ளப் பிறந்தது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். வரி வாங்குவதற்காகவாவது அரசாங்கம் வீட்டைத் தேடிவந்து கதவில் எண் எழுதும் என்பது என் சித்தாந்தம். தலைமுறை தலைமுறையாக ஒரு மலையே தேயிலையாக நின்று உலகத்துக்குத் தேநீர் கொடுத்திருக்கிறது, அதைப் பறித்தவர் வீட்டுக்கு எண் இல்லை. உழவு தராததையும் ஆட்சி தராததையும் ஒரு ஜவுளிக்கடை பிஸ்கட் டின்னில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கொழும்பில் இதைச் சொல்லியிருந்தால் இன்னும் ஒரு நிமிடம் கைதட்டியிருப்பார்கள்.

ஜும்மாத் தொழுகை முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போய் விருந்து வைத்தார். பிரியாணியைப் பற்றி எழுதினால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும். வட்டிலப்பம் என்ற இனிப்பை இரண்டாவது முறை வாங்கும்போது வெட்கப்பட்டேன், மூன்றாவது முறை வெட்கப்படவில்லை.

புறப்படும்போது ஹனிபா நானா டின்னிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என்னிடம் தந்தார். பழுப்பு உறை, அரசாங்க முத்திரை. "லெச்சுமி லயத்துலதான் யோகேஸ்வரின்னு ஒரு புள்ள இருக்கு. அந்தப் புள்ளட கடிதம். இன்னைக்குத்தான் வந்திச்சு. கையில குடுத்துருங்க டீச்சர், மிச்சம் நன்மை உங்களுக்கு."

கையில குடுத்துருங்க. இந்த இரண்டு வார்த்தையில் எது உங்களுக்குப் புரியவில்லை என்று வகுப்பில் நான் பிள்ளைகளைக் கேட்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை மறுபடி பஸ், மறுபடி வளைவு, மடியில் குக்கர். தோட்டத்து முகப்பில் இறங்கியதும் காவல்காரர் நிறுத்தினார். வெளியாள் வந்தால் முதலில் ஆபீஸில் சொல்ல வேண்டுமாம். கல் கட்டடம், வாசலில் ரோஜாச் செடி. பெரிய கிளாக்கர் ஐயா, அதாவது தலைமை எழுத்தர், எழுந்து நின்று வரவேற்றார். பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது. ஊவாத் தேயிலையின் மணம் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. ஐந்தாறு நாளாக இந்த நாட்டில் குடித்ததெல்லாம் என்ன என்றும் தெரிந்தது.

"கையில என்னாங்க, கடிதமா?" என்றார் கிளாக்கர்.

"யோகேஸ்வரி என்கிற பெண்ணுக்கு."

"அப்ப இங்க குடுங்க. ரெஜிஸ்தர்ல ஏத்திக் குடுப்போம். அதுதான் முறை."

முறை! இருபத்தைந்து வருஷ ஆசிரியை மனம் அந்த வார்த்தைக்கு உருகாமல் வேறு எதற்கு உருகும்? அரசு முத்திரை போட்ட கடிதத்தை மலைப்பாதையில் கசக்கிக்கொண்டு போவதைவிட, பதிவேட்டில் ஏற்றி, கையெழுத்து வாங்கி, ஒப்படைப்பது அல்லவா நாகரிகம்? கொடுத்தேன். அவர் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார், நானும் பெருமையாகக் கையெழுத்துப் போட்டேன். மணி பன்னிரண்டு அடித்தது. கிளாக்கர் பதிவேட்டையும் கடிதத்தையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, ஆபீஸைப் பூட்டி, பண்டாரவளையில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டுப் போனார்.

லெச்சுமியின் லயம் மலைச் சரிவில் இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே பத்துக் குடும்பம், குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஒற்றை அறை. லெச்சுமிக்கு என் வயதுதான், ஐம்பதைத் தாண்டவில்லை. குக்கரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதெல்லாம் பதுளைக் கடையிலயே இருக்கே டீச்சர், என்னாத்துக்குக் கடல் தாண்டித் தூக்கியாந்தீங்க?" என்றாள். சகுந்தலா, இதைப் படித்தால் நீ என்னோடு பேச வேண்டாம்.

அப்போது பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு பெண் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தாள். இருபத்தேழு வயது, விரலில் மை.

"டீச்சர், நானா போன் பண்ணாரு. என் கடுதாசி உங்ககிட்ட இருக்காமே?"

"கவலைப்படாதே அம்மா" என்றேன், மிகுந்த நிதானத்தோடு. "ஆபீஸில் பத்திரமாக ஒப்படைத்துவிட்டேன்."

யோகேஸ்வரி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். லெச்சுமி குக்கர் மூடியைக் கீழே வைத்தாள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அவள் கிராம உத்தியோகத்தர் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறாள். நம் ஊர் வி.ஏ.ஓ. மாதிரி. இன்னார் இங்கே இருக்கிறார் என்று சான்றிதழ் கொடுக்கிற வேலை. நேர்முகத்துக்கான அழைப்புத்தான் அந்தப் பழுப்பு உறை. லுணுகலையில் இவளோடு எழுதிய தோழிக்குக் கடிதம் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குப் பதுளையில் நேர்முகம், கடிதம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று அவள் போனில் சொல்லியிருக்கிறாள். தோட்ட ஆபீஸோ திங்கட்கிழமை எட்டு மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன்னால் ஏழு மணி பஸ் போய்விடும். அடுத்த பஸ் ஒன்பதேகாலுக்கு.

அன்று இரவு லெச்சுமி ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்தாள். கண்ணில் நீர் வந்தது. சம்பல் காரம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. குடித்த தேநீர் கறுப்பாக, கசப்பாக இருந்தது. நல்ல கொழுந்தெல்லாம் கப்பலேறிப் போக, பறிக்கிறவர்களுக்குத் தூள் மிஞ்சுகிறது. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டி, அதை நக்கிக்கொண்டு குடிக்க லெச்சுமி கற்றுக்கொடுத்தாள்.

ஞாயிறு முழுக்கக் கிளாக்கர் போனை எடுக்கவில்லை. தோட்டத்துத் தொரை, அதாவது மேனேஜர், கொழும்புக்குப் போயிருந்தார். சும்மா இருக்க முடியாமல் யோகேஸ்வரிக்கு நான் மாதிரி நேர்முகம் நடத்தினேன்.

"நிர்வாகம் என்றால் என்ன?"

"திறப்பு யாருகிட்ட இருக்குங்கிறதுதான், டீச்சர்" என்றாள். அவர்கள் திறப்பு என்று சொல்வது சாவியை.

சாயங்காலம் கிளாக்கர் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டு இருவரும் அவருடைய குவார்ட்டர்ஸுக்குப் போனோம். கல்யாணச் சட்டையிலேயே இருந்தார். அப்போதும் மரியாதைக்குக் குறைவில்லை.

"டீச்சர், நீங்கதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க? இப்ப அது ஆபீஸ் கடிதம். ஆபீஸ் எட்டு மணிக்கு. லீவு நாள்ல திறந்தா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இந்தக் கதையில் பூசாரிக்குச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். வரும் வழியில் யோகேஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்னா செய்வீங்க டீச்சர், உங்க ஊர்ல ஆபீஸ்னா கடுதாசி வரும்போல" என்றாள். எங்கள் ஊரிலும் எல்லா ஆபீஸும் அப்படி இல்லை. ஹனிபா நானாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "காலைல வேன் எடுத்துட்டு வாறேன். கடிதம் உங்க பாடு, வண்டி என் பாடு" என்றார்.

லெச்சுமி எழுந்து வெளியே போனாள். காம்பரா காம்பராவாக ஏறி இறங்குவதைப் பார்த்தேன். குக்கரைக் காட்டப் போகிறாள் என்று நினைத்தேன். கை வெறுமையாக இருந்தது.

திங்கட்கிழமை விடிந்து ஆறரை மணிக்குப் பெரட்டு. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரு திடலில் வந்து நிற்க, கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். பனியில் முப்பது பெண்கள் முதுகில் கொழுந்துக் கூடையோடு நின்றார்கள். கணக்கப்பிள்ளை பெயர்களை வாசித்தார். எல்லாரும் ஒழுங்காகக் குரல் கொடுத்தார்கள். "சரி, கெளம்புங்க" என்றார். ஒரு கால்கூட நகரவில்லை.

"என்னா, மலைக்குப் போகலையா?"

"போறோம் ஐயா" என்றாள் லெச்சுமி. "யோகேஸ்வரி கடுதாசி ஆபீஸ்ல இருக்கு. அது கைக்கு வந்ததும் போறோம்."

"அதுக்கும் கொழுந்துக்கும் என்னாம்மா சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்லீங்க. சும்மா நிக்கிறோம்."

கோஷம் இல்லை, சத்தம் இல்லை. ஒருத்தி கூடையைச் சரிசெய்தாள், ஒருத்தி கொட்டாவி விட்டாள். கணக்கப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். கொழுந்து முற்றினால் ஃபாக்டரி அவரைத்தான் பிடிக்கும். கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் நடந்தார். பிறகு கௌரவத்தை மறந்து கிளாக்கர் வீட்டுப் பக்கம் ஓடினார்.

ஏழேகாலுக்குப் பெரிய கிளாக்கர் வந்தார். ஒரு கன்னம் மழமழவென்று இருந்தது, இன்னொரு கன்னத்தில் சோப்பு நுரை. ஆபீஸைத் திறந்து, அலமாரியைத் திறந்து, அப்போதும் பதிவேட்டை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து" என்றார். யோகேஸ்வரி கையெழுத்துப் போட்டாள். பழுப்பு உறை அவள் கைக்கு வந்ததும் முப்பது பேரும் பேசாமல் மலை ஏறிப் போனார்கள். உபரி, களஞ்சியம், அரசன் என்று வரிசைப்படி பாடம் நடத்துகிற நான், களஞ்சியத்துக்கு முன்னால் இத்தனை கூடை நிற்க முடியும் என்பதை ஒரு வருஷமும் சொல்லிக்கொடுத்ததில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

நானாவின் வேனில் பின்பக்கம் முழுக்க ஜவுளிக்கட்டு. யோகேஸ்வரி அதன்மேல் உட்கார்ந்து வழியெல்லாம் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் முன்னால் உட்கார்ந்து வளைவுகளோடு போராடினேன். பாதி வழியில் வேனை நிறுத்தச் சொல்லி நான் இறங்க வேண்டியதாயிற்று, காரணம் வேண்டாம். அந்த ஐந்து நிமிடத்தில் நானா என்னைப் பார்த்த பார்வையை வாழ்நாளில் மறக்கமாட்டேன். ஒன்பது இருபதுக்குப் பதுளை. அவள் சேலையை உதறிக்கொண்டு ஓடினாள்.

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரை. அதற்குள் நான் நாலு ரோல்ஸ் தின்றிருந்தேன், பசியினால் அல்ல. எப்படிச் செய்தாய் என்றால் தலையை மட்டும் ஆட்டினாள். முடிவு வர மாதக்கணக்கில் ஆகுமாம். இதை எழுதும்போதுகூட வரவில்லை.

மாலையில் நானும் யோகேஸ்வரியும் பஸ்ஸில் தோட்டத்துக்குத் திரும்பினோம். பெண்கள் கொழுந்து நிறுக்குமிடத்தில் வரிசையாக நின்றார்கள். அன்று நேரம் கழித்து மலை ஏறியதால் எல்லாருக்கும் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் வேலை என்று போட்டிருந்தார்கள். ஒரு கோப்பை நல்ல தேநீருக்கும் ஒரு கையெழுத்து ஆசைக்கும் நான் மயங்கியதற்கு முப்பது பேர் பாதி நாளைக் கொடுத்திருக்கிறார்கள். லெச்சுமியின் கையைப் பிடித்து அதைச் சொன்னேன். அவள் என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. யோகேஸ்வரியிடம் திரும்பினாள்.

"எங்க இருக்கேன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நானா கடைன்னு சொன்னியா?"

"இல்லக்கா. லயத்துலன்னு சொன்னேன். வீட்டு நம்பர் என்னான்னாங்க. இல்லன்னேன். அப்ப கடுதாசி எப்படி வரும்னாங்க."

"நீ என்னா சொன்ன?"

"காலைல நடந்ததச் சொன்னேன். ஒருத்தரு கண்ணாடியக் கழட்டிட்டு, மறுபடி முதல்ல இருந்து சொல்லுன்னாரு."

லெச்சுமி கூடையை இறக்கி வைத்து, தோளைத் தடவிக்கொண்டு, கொஞ்சம் யோசித்தாள்.

"டீச்சர், நாளைக்குப் பதுளைக்குத்தானே போறீங்க? நானாகிட்ட சொல்லிருங்க. வேலைக்கு எழுதிப் போடுற என் மகனோட கடுதாசியெல்லாம் இனிமே தோட்டத்து விலாசத்துக்கே வரட்டும்."

"ஆபீஸில் பூட்டி வைத்துவிட்டால்?"

"வைக்கட்டுமே. வாங்கிக்கத்தான் தெரிஞ்சு போச்சே" என்றாள் லெச்சுமி. பின்னால் வரிசையில் நின்ற ஒருத்தி, "எங்க வீட்டுதையும் சொல்லிருங்க டீச்சர்" என்றாள்.